புயல் கோப்பில் ஒரு வீடு

தம்பி,

நீ டெல்லிக்கு ரயிலேறிய மறுவாரம் உன் மேசையைத் துடைத்தேன். துடைக்கத்தான் போனேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். சரி, ஒத்துக்கொள்கிறேன், இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாங்க, புள்ள ஊருக்குப் போயும் செக்கிங் வுடலியா?" என்று கேட்டாள். என் கையில் அப்போது ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. உள்ளே உன் கல்லூரி நூலகத்தில் அச்செடுத்த தாள்கள், உன் கையெழுத்தில் நீ கூட்டத்தில் பேசிய பேச்சு, அந்தப் பேச்சுக்குள் மடித்து வைத்த ஒரு பேப்பர் கட்டிங். நான் நாலு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த கட்டிங் அது. அதை யார் எடுத்திருப்பார்கள் என்று ஊரில் பாதிப் பேரைச் சந்தேகப்பட்டேன். நம் வீட்டில் மட்டும் தேடவில்லை.

இந்தக் கடிதம் அதைப் பற்றியது. உன் புதிய வேலையைப் பற்றியதும்தான். சர்ச்சையான ஒவ்வொரு விஷயத்துக்கும் இரு தரப்பையும் படித்து, முடிவெடுப்பவர்கள் பார்ப்பதற்காக இரண்டு பக்கத்தில் சுருக்கி எழுதித் தருவதுதான் உன் வேலை என்றாய். கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. உறையைப் பார்த்தபின் பயமாக இருக்கிறது. எங்கோ ஓர் ஊரில் ஒருவன் வீடு நிற்பதும் விழுவதும் நீ எந்தத் தாளை மேலே வைத்தாய், எதை வைக்கவே இல்லை என்பதில் இருக்கப்போகிறது. தாள்களை எப்படி வைப்பது என்று நீ யாரிடம் பார்த்துப் பழகினாய் என்று எனக்குத் தெரியும்.

என் குணம் உனக்குத் தெரியாததல்ல. கொத்தமல்லிக் கட்டைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கியதில்லை. நான் வேலை பார்க்கும் ஊர் நூலகத்துக்குக் காலையில் வரும் ஆறு நாளிதழ்களையும் மேசையில் பரப்பி, ஒரே செய்தியை ஆறிலும் படித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். எந்தப் பேப்பரில் ஏரியில் கட்டிய குடியிருப்பைப் பற்றிய செய்தி சின்னதாக வந்ததோ, அதே பேப்பரின் கடைசிப் பக்கத்தில் அடுக்குமாடி விளம்பரம் முழுசாக இருக்கும். இதை வருகிற வாசகர்களிடமெல்லாம் காட்டுவேன். கல்பாக்கத்து ஸ்டாஃப் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட இரண்டு நிமிஷம் உள்ளே வந்து, "லைப்ரரி சார், இன்னிக்கு யாரு பொய் சொல்லிகிறான்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அதில் எனக்கு ஒரு கித்தாப்பு. உலகத்தில் எல்லாரும் எதையோ மறைக்கிறார்கள், அதைப் பிடிக்கிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நாற்காலியைத் தேய்த்துவிட்டேன்.

கட்டிங் கோப்பு அப்படித்தான் ஆரம்பித்தது. அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நடப்பு விவகாரம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பழைய பேப்பரைக் கட்டி எடைக்குப் போடும் முன், சண்டையில் இருக்கிற விஷயங்களை வெட்டி, மைதா பசையால் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு போட்டேன். மதுக்கடை, நுழைவுத் தேர்வு, அணுஉலை, தூண்டில் வளைவு, புயல் - கடல் சீற்றம். நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது பசை தடவிக் கொடுத்ததை மறந்திருக்க மாட்டாய். எந்த விஷயமானாலும் வேண்டும் என்பவன் சொல்வதும் வேண்டாம் என்பவன் சொல்வதும் இரண்டும் இதில் இருக்கிறது என்று பலகையில் எழுதி வைத்தேன். படிக்க வந்தவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

தூண்டில் வளைவு என்பது நம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தக் கடிதம் உன் கையோடு நிற்கப்போவதில்லை, வெளியூரிலிருந்து வந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கை நீட்டினாற்போலக் கல்லைக் கொட்டுவார்கள். நம் பக்கத்தில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கல்லுக்குத் தெற்கே மணல் சேரும், அந்த ஊர் பிழைக்கும். வடக்கே போகவேண்டிய மணல் போகாது, அங்கே கடல் ஊருக்குள் வரும். நம் தெற்குக் குப்பத்தில் ஒரு வளைவு ஏற்கெனவே இருந்தது. இன்னும் இரண்டு வேண்டும் என்று கேட்டார்கள். வடக்குக் குப்பத்துக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். தெற்குக் குப்பத்தில்தான் உன் சித்தப்பா படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். பட்டறைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கடல். ஒவ்வொரு ஐப்பசியிலும் அலை அவன் கொல்லைச் சுவரைத் தொட்டுவிட்டுப் போகும். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது சும்மா சொன்னதல்ல.

அந்தச் சமயத்தில்தான் நீ கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். கேளம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, சாப்பிட உட்காரும் முன்பே போனைத் திறந்து என்னிடம் காட்டினாய். உங்கள் கல்லூரி நூலகத்தின் வழியாக உள்ளே போகிற ஒரு தகவல் களஞ்சியம். சர்ச்சையான தலைப்பைத் தட்டினால் ஆதரிப்பவர்கள் எழுதியது ஒரு வரிசை, எதிர்ப்பவர்கள் எழுதியது ஒரு வரிசை, பின்னணி ஒரு வரிசை என்று வந்து நின்றது. எனக்குச் சந்தேகம் வந்தது. என் கட்டிங் கோப்பை எவனோ கடல் அளவுக்குச் செய்து வைத்திருக்கிறான் என்கிற பொறாமையும் அதில் இருந்தது, இப்போது சொல்வதில் என்ன.

"இத யாரு நடத்தறாங்க?" என்று கேட்டேன்.

"ஏதோ கம்பெனிப்பா. காலேஜு சந்தா கட்டுது."

"எந்தக் கட்டுரைய உள்ள வுடணும், எத வெளிய தள்ளணும்னு யாரு முடிவு பண்றான்?"

"அதுக்கு ஆளு வெச்சிருப்பாங்க."

"இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்துன்னு சரியா வெச்சிகிறானே, அதான் சந்தேகமா கீது. ஊர்ல எந்தச் சண்டையிலடா ரெண்டு பக்கமும் சமமா ஆளு நிக்குது?"

நீ சிரித்தாய். "தெனம் ஆறு பேப்பர் வருதுல்ல உனுக்கு, அதுலேர்ந்து கட்டிங் யாரு பொறுக்கறது?"

"நான் பொறுக்கறேன்."

"அதான்பா நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய்.

நான் கேட்ட கேள்விகள் தப்பில்லை. இன்றைக்கும் கேட்கச் சொல்வேன். யார் செலவு செய்கிறார்கள், யார் பொறுக்குகிறார்கள், எந்த மொழிக்காரன் எழுதியது அதில் இல்லவே இல்லை என்று பார்க்காமல் எந்தக் களஞ்சியத்தையும் நம்பாதே. நீ தேடியபோது அதில் ஏதேதோ தேசத்துக் கடற்கரையெல்லாம் இருந்தன, நம் கரையைப் பற்றி ஒரு வரி இல்லை. குப்பத்துக்காரன் கட்டுரை எழுத மாட்டான், எழுதினாலும் அங்கே போய்ச் சேராது. ஆனால் அதே களஞ்சியத்தில் பொறியாளர் ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு நீ ஒரு நல்ல கேள்வி கேட்டாய். கல் போட்ட ஊரை மட்டும் பார்க்காதே, மணல் போகும் திசையில் அடுத்து இருக்கிற ஊரைப் பார் என்று அவர் எழுதியிருந்தாராம். மறுநாள் மாலை நூலகத்துக்கு வந்து, "வடக்குக் குப்பத்தப் பத்தி எதுனா கீதாப்பா?" என்று கேட்டாய். நான் தூண்டில் வளைவுக் கோப்பை எடுத்துக் கொடுத்து, "இதுல இருக்கறதுதான். வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

சொன்னபோது என் இடது கை புயல் கோப்பின் மேல் இருந்தது.

அதற்குள்தான் அந்தக் கட்டிங் இருந்தது. முதல் வளைவு போட்ட அடுத்த மழைக்காலத்தில் வந்த செய்தி. வடக்குக் குப்பத்தில் கடல் சீற்றம், வீடுகள் இடிந்தன என்று தலைப்பு. படத்தில் பாதிச் சுவரும் அதில் மாட்டிய காலண்டரும், முன்னால் ஒரு இரும்பு பீரோவும். உன்னோடு பள்ளியில் படித்த ஏழுமலையின் வீடு அது. கடைசிப் பத்தியில், தெற்கே கல் போட்டதிலிருந்துதான் கரை போகிறது என்று வடக்குக் குப்பத்துப் பெண்கள் சொன்னதாக மூன்று வரி. தலைப்பில் கடல் சீற்றம் என்று இருந்ததால் புயல் கோப்பில் வைத்தேன். எந்த நூலகரும் அப்படித்தான் வைப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பொய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கடைசிப் பத்தியைப் படி என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். அந்த மூன்று வரியையும் படித்துவிட்டுத்தான் பசை தடவினேன். தூண்டில் வளைவைப் பற்றித் தேடி வருகிற எவனும் புயல் கோப்பைத் திறக்க மாட்டான். எதையும் கிழிக்காமல், எரிக்காமல், எல்லாரும் தொடக்கூடிய அலமாரியிலேயே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்ததே, அது உனக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். சித்தப்பா கேட்டுக்கொண்டான் என்று நீ தெற்குக் குப்பத்துக்காகப் பேசினாய். நன்றாகவே பேசினாய். பிற நாட்டுக் கடற்கரைகள், செலவு, பலன் எல்லாம் சொல்லிவிட்டு, "வடக்குக் குப்பத்துக்கு இதனால் பாதிப்பு என்று இதுவரை எந்தச் செய்தியும் வந்ததாகத் தெரியவில்லை" என்று முடித்தாய். முன்வரிசையில் அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள். அப்போது ஏழுமலை எழுந்தான். அவன் படிப்பை விட்டு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான், காக்கிச் சட்டையோடு வந்திருந்தான். அவன் கத்தவில்லை.

"மச்சான், என் வூடு வுழுந்தது பேப்பர்ல வந்துச்சே. போட்டோவோட வந்துச்சு. எங்கம்மா கல்லாலதான் போச்சுன்னு சொன்னதும் வந்துச்சு. உங்க நைனா லைப்ரரிக்கு அந்தப் பேப்பரு வர்லியா?"

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. நீயும் பார்த்தாய். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே, "அன்னிக்கு அந்தப் பேப்பர் வரல" என்றேன். ஓர் அதிகாரி, நாளைக்கு ஆள் அனுப்பிக் கோப்புகளைப் பார்க்கச் சொல்கிறேன் என்றார். அன்று மாலை எனக்குத் தலைவலி. நூலகத்தைப் பூட்ட நீதான் சாவி வாங்கிக்கொண்டு போனாய்.

மறுநாள் அந்த அதிகாரி அனுப்பிய ஓர் அம்மா வந்து எல்லாக் கோப்பையும் புரட்டினார். புயல் கோப்பைத் திறக்கும்போது நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். கட்டிங் இருந்த பக்கத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் புரட்டிக்கொண்டு போனார். உயிர் வந்த அடுத்த நிமிஷமே எனக்குள் இருந்த சந்தேகக்காரன் எழுந்துவிட்டான். யார் எடுத்தது? அந்த அலமாரிக்குப் பக்கத்து மேசையில் தினமும் உட்கார்ந்து அரசுத் தேர்வுக்குப் படித்தவள் கோமதி. வடக்குக் குப்பத்துப் பெண். ஏழுமலைக்குக் கொடுக்க அவள்தான் கிழித்திருப்பாள், நாளைக்கு அதை எடுத்துக் காட்டி என்னை மாட்டிவிடப்போகிறாள் என்று முடிவு கட்டினேன். பத்துப் பேர் முன்னால், "இனிமே இந்த ஷெல்ஃபுல கை வெக்காத" என்றேன். அவள், "நான் இன்னா சார் பண்ணேன்?" என்றாள். "உனுக்குத் தெரியும்" என்றேன். புத்தகங்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவள் வரவே இல்லை.

கல் இறங்கியது. சித்தப்பாவின் கொல்லைச் சுவர் தப்பியது. இப்போது அங்கே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் அளவுக்கு மணல் சேர்ந்திருக்கிறது. வடக்கே இன்னும் ஒரு வரிசை வீடுகள் போய்விட்டன. அந்தக் கட்டிங் சரியான கோப்பில் இருந்திருந்தால் தடுத்திருக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு பேப்பர் துண்டுக்கு அவ்வளவு பலம் உண்டென்று நம்புகிறவன் இல்லை நான். ஆனால் அதிகாரி கேட்டபோது அது அங்கே இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது உன் உறைக்கு வருகிறேன். கட்டிங்கின் பின்புறத்தில் என் பசை காய்ந்து கிடக்கிறது, ஓரத்தில் என் கையெழுத்தில் தேதி. நீதான் எடுத்திருக்கிறாய். அப்பன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எடுத்திருப்பாய் என்றுதான் முதலில் நினைத்தேன். உட்கார்ந்து அழுதேன், உன் அம்மாவைக் கேள். அழுது முடித்தபின் பழைய புத்தி வந்தது. கட்டிங் உன் பேச்சுத் தாளுக்குள் மடித்திருந்தது. பாதிப்பு என்று எந்தச் செய்தியும் வந்ததாகத் தெரியவில்லை என்ற அந்த வரிக்கு நேராகத்தான் மடிப்பு விழுந்திருந்தது. கூட்டம் முடிந்த மாலையில், சாவியோடு போனபோது எடுத்தாயா? அல்லது கூட்டத்துக்கு முன்பே, வடக்கே பார் என்று அந்தப் பொறியாளர் சொன்னதைக் கேட்டு நீயாகவே புயல் கோப்பைத் திறந்து பார்த்து, தெரிந்தே அந்த வரியைப் படித்தாயா?

பின்பு எடுத்தாய் என்றால் எனக்காக ஒரு தாளை மறைத்தாய். அந்தப் பாவம் என் கணக்கில் சேரட்டும். முன்பே பார்த்தாய் என்றால், என் குணம் முழுசாக உனக்கு வந்துவிட்டது, அதுவும் என்னைவிடக் கெட்டிக்காரத்தனமாக. இது எனக்குத் தெரியாமல் நீ அங்கே இன்னொரு சுருக்கம் எழுதக் கூடாது. அடுத்தவன் மறைப்பதைக் கண்டுபிடிக்க உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை, எந்தக் களஞ்சியத்தில் எப்படித் தேடுவது என்பதை என்னைவிட நன்றாக அறிவாய். விஷயத்தின் பெயரைப் போட்டுத் தேடியபின் ஊரின் பெயரைப் போட்டும் தேடு, வேறு தலைப்பில் எவனாவது ஒளித்து வைத்திருப்பான் என்று மட்டும் சொல்வேன். ஆனால் உனக்கு வேண்டியவன் வீடு பிழைக்கிற பக்கம் உன் கை போகும்போது அந்தக் கையைப் பார். எனக்கு அறுபது நெருங்குகிறது, என் கையை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை, நூலக விடுமுறையில், மாமல்லபுரத்துக்குப் போனேன். ஏழுமலை அம்மாவோடு அங்கே ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறான். கட்டிங்கைக் காட்டி, அந்தப் பேப்பர் வந்தது, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அவன் அம்மா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "பீரோ இன்னும் கீது" என்றாள். உள்ளே மூலையில் அது இருந்தது. ஏழுமலை அவள் கையிலிருந்து கட்டிங்கை வாங்கி என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மச்சானுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டான். நான், "கேட்டு எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்போது எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். கோமதியின் வீட்டுக்கும் போனேன். தேர்வு வயது அவளுக்குத் தாண்டவில்லை, நாவலூரில் ஒரு கடையில் பில் போடுகிறாள். மன்னிப்புக் கேட்டேன். "ஷெல்ஃபத் தொடலாமா சார் இப்ப?" என்று கேட்டாள். அதில் சிரிப்பு இல்லை.

கட்டிங்கைத் தூண்டில் வளைவுக் கோப்பில், முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். அதற்கு அடுத்த பக்கத்தில் இந்தக் கடிதத்தின் நகலை ஒட்டப்போகிறேன். உன் பெயரும் என் பெயரும் எழுதவில்லை, ஊருக்குத் தெரியும். அலமாரி திறந்துதான் இருக்கிறது, கோமதி முதல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். கோபம் வந்தால் வரட்டும், நீ போன் செய்து திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் முன்பா பின்பா என்கிற கேள்விக்கு மட்டும் போனில் பதில் சொல்லாதே, காகிதத்தில் எழுது. கடிதத்துக்கு அடுத்த பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். நீ என்ன எழுதினாலும் அதை அங்கேதான் ஒட்டுவேன்.

அப்பா